யாரும் எடுக்காத குழுப் பணம்

காலை ஏழு மணிக்கு முன்னால் என் அக்காவிடமிருந்து போன் வந்தால் இரண்டே காரணம்தான் இருக்கும். ஒன்று, சொந்தத்தில் யாராவது போய்ச் சேர்ந்திருப்பார்கள். இல்லையென்றால், சொந்தத்தில் யாருக்காவது ஜாதகம் பொருந்தியிருக்கும்.

சில வாரங்களுக்கு முன்னால் வந்த போன் இரண்டிலும் சேராது.

“அம்மிணி, பேங்க்குக்காரங்ககிட்டப் பேசறதுக்கு உனக்கு வருமல்ல?” என்று கேட்டாள்.

நான் கடைசியாக ஒரு பேங்க்கில் பேசியது, ஏடிஎம் மெஷின் என் கார்டை விழுங்கிவிட்ட அன்று. அதையும் பேச்சு என்று சொல்ல முடியாது — வாசலில் நின்றிருந்த செக்யூரிட்டியிடம் புலம்பினேன், அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். ஆனால் இதையெல்லாம் அக்காவிடம் சொல்ல முடியுமா? பத்திரிகையில் எழுதுகிறவளுக்கு கலெக்டர் முதல் கண்டக்டர் வரை எல்லோரிடமும் பேச வரும் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். அந்த நம்பிக்கையைக் கெடுப்பானேன்... “வரும்க்கா” என்றேன்.

“அப்பப் பொறப்பட்டு வா” என்று போனை வைத்துவிட்டாள். எதற்கு, என்ன என்று ஒரு வார்த்தை கிடையாது. சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து அவள் ஊருக்கு வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்றால் என் வீட்டுக்காரர் காரை எடுக்க வேண்டும். அவர் காரை எடுக்க வேண்டுமென்றால் முதலில் அவரை எழுப்ப வேண்டும். பாதிக் கஷ்டம் அங்கேயே தொடங்கிவிட்டது.

அக்காவைப் பற்றி இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காக — பெயர் பூங்கொடி. என்னைவிட ஏழு வயது மூத்தவள். ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஒரு ஊரில் வாக்கப்பட்டு, அங்கேயே எருமை, தோட்டம், பேரன் பேத்தி என்று இருக்கிறாள். ஊர் பேர் வேண்டாம். எழுதினால் அடுத்த நோம்பிக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, எனக்கு அங்கே சோறு கிடைக்காது.

போனதும் காபியைக் கையில் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். முந்தின நாள் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் பேங்க்காரர்கள் ஒரு பந்தல் போட்டிருக்கிறார்கள். பல வருஷமாக யாரும் தொடாமல் பேங்க்கில் கிடக்கிற பணத்தை உரியவர்களே வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஒருத்தர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தாராம். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அக்கா எருமைக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்புறம் மைக்கில் ஒரு பெயர் வந்தது. செம்பருத்தி மகளிர் சுய உதவிக் குழு... வாளியை அப்படியே வைத்துவிட்டு நின்றுவிட்டாளாம்.

அந்தக் குழுவுக்குத் தலைவி என் அக்காதான்.

“பத்து வருசம் தொடலீன்னா கவருமென்ட்டு எடுத்துக்கும்னு எல்லாருஞ் சொன்னாங்களே அம்மிணி... அந்தப் பணம் இன்னும் இருக்குதாமா?” என்று கேட்டாள். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். விசாரித்த பிறகுதான் தெரிந்தது. பத்து வருஷம் அசையாமல் கிடந்தால் அந்தப் பணம் மேலே ஒரு பொது நிதிக்குப் போகும். போகுமே தவிர, தொலைந்து போகாது. உரியவர் என்றைக்கு வந்து கேட்டாலும் கணக்கு வைத்திருந்த பேங்க்கே திரும்ப வாங்கிக் கொடுத்தாக வேண்டும். புரோக்கர் வேண்டாம், கமிஷன் வேண்டாம். பெயரைப் போட்டுத் தேட வெப்சைட்கூட இருக்கிறது.

வெப்சைட் இருக்கிறது என்று தெரிந்தால் சும்மா இருக்க முடியுமா? என் பெயரைப் போட்டுத் தேடினேன். ஒன்றும் இல்லை. எழுத்தை மாற்றிப் போட்டுத் தேடினேன். அப்போதும் இல்லை. “மறந்துபோற அளவுக்குப் பணம் இருந்திருந்தாத்தானே” என்றார் என் வீட்டுக்காரர். நியாயமான பேச்சுதான். ஆனாலும் பெண்டாட்டியிடம் பேசுகிற பேச்சா அது?

சரி, செம்பருத்திக்கு வருகிறேன்.

அந்தக் குழு ஆரம்பித்தபோது அக்காவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. பன்னிரண்டு பெண்கள். புதன்கிழமை தோறும் சாயங்காலம் பொழுதோடு அங்கன்வாடி வாசலில் கூட்டம், ஆளுக்கு இவ்வளவு என்று சந்தா. காட்டு வேலைக்குப் போகிறவர்கள், தறிக்குப் போகிறவர்கள், கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கப் போகிறவர்கள். டீ குடிக்காமல் மிச்சம் பிடித்து, புருஷன் கண்ணில் படாமல் முந்தானையில் முடிந்து கொண்டுவந்த காசு அது. அக்கா தலைவி, ராஜாமணி என்கிற பெண் செயலாளர். பேங்க்கில் எடுக்க வேண்டுமென்றால் இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். பாஸ்புக் ராஜாமணி வீட்டில், ரப்பர் ஸ்டாம்ப் அக்கா வீட்டில். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி ஒன்றும் செய்ய முடியாது. நல்ல ஏற்பாடுதான்.

கூட்டத்துக்கு எல்லோரும் லேட்டாக வருகிறார்கள் என்று அக்கா ஒரு சட்டம் போட்டாள். நேரம் தவறினால் ஒரு ரூபாய் ஃபைன். சட்டம் போட்ட கொஞ்ச நாளிலேயே ஒரு ஆள் லேட்டு. யாராக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

அக்காவேதான்.

எருமை கன்று போட்ட நாள் அது. கன்று திரும்பிக் கிடந்து, மாட்டு டாக்டர் வந்து, தாயும் கன்றும் பிழைத்ததே பெரிய பாடு. அக்கா கையைக் கழுவியும் கழுவாமலும் கூட்டத்துக்கு ஓடியிருக்கிறாள். ராஜாமணி தலையை நிமிர்த்தாமல் ஃபைன் ஒரு ரூபாய் என்று எழுதிவிட்டாள். உன்ற கூட்டத்து நேரம் என்ற எருமைக்குத் தெரியுமா என்று அக்கா கேட்டாள். சட்டம் போட்டது நீங்கதானுங்களேக்கா என்று ராஜாமணி சொன்னாள். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் தொந்தரவே. ஒருத்தி மேல் தப்பு என்றால் சமாதானம் பேச வழி இருந்திருக்கும்.

அக்கா எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுத்த புதன்கிழமை தலைவி போகவில்லை. அதற்கடுத்த புதன்கிழமை செயலாளரும் போகவில்லை. செம்பருத்தி அத்தோடு வாடிவிட்டது.

எங்கள் பக்கத்தில் “அவங்களும் நாங்களும் பேச்சுவார்த்தை இல்லீங்க” என்று ஒன்று சொல்வோம். கதவு நம்பர் சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொல்வோம். கோபம் எப்போதோ தணிந்திருக்கும், காரணம்கூட மறந்திருக்கும், பேச்சுவார்த்தை மட்டும் இல்லாமலே நடந்துகொண்டிருக்கும். எதிரெதிரே வந்துவிட்டால் ஒருத்தர் வேலியைப் பார்ப்பார், இன்னொருத்தர் மழை வருமா என்பது போல வானத்தைப் பார்ப்பார். எங்கள் சீமையில் இத்தனை பேர் வானத்தைப் பார்த்தும் மழை ஏன் பெய்ய மாட்டேன் என்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இதில் இன்னொரு வேடிக்கை. பேச்சுவார்த்தை இல்லாதது அக்காவுக்கும் ராஜாமணிக்கும் மட்டும்தான். அக்காவின் வீட்டுக்காரரான மாமாவும் ராஜாமணியின் வீட்டுக்காரரும் வாரா வாரம் சந்தையில் சேர்ந்து டீ குடிக்கிறார்கள்.

ஆனால் குழுவில் மீதிப் பெண்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் போட்ட காசு அல்லவா? அக்காவிடம் வந்து கேட்டார்கள். ராஜாமணி வந்தா நான் வாரேன் என்றாள். ராஜாமணியிடம் போய்க் கேட்டார்கள். தலைவி வந்தா நான் வாரேனுங்க என்றாள். இரண்டு பேரும் பேங்க் பக்கமே போகவில்லை. கடைசியில் நாச்சம்மா என்கிற உறுப்பினர் தானே கிளம்பிப் போய்க் கேட்டிருக்கிறார். கையெழுத்துப் போடுகிறவர்களுக்குத்தான் கணக்கைச் சொல்ல முடியும் என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சட்டப்படிதான் சொன்னார்கள். நாச்சம்மா ஊருக்கு வந்து, “சொல்ல மாட்டேங்கறாங்கன்னா என்னுங்க அர்த்தம்?” என்று கேட்டிருக்கிறார். அர்த்தம் சொல்வதற்கு ஊரில் ஆளுக்கா பஞ்சம்?

அடுத்த வருஷம் மாமா ஒரு லாரியில் தனக்கிருந்த பங்கை விற்றுவிட்டு மாடி வீடு கட்டினார். லாரிப் பங்கை விற்றது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. வீடு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அதே சமயம் பார்த்து ராஜாமணியின் மகன் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, அதாவது போர் போடுகிற லாரி ஒன்றில் கூட்டுச் சேர்ந்தான். போதாதா? தலைவியும் செயலாளரும் பணத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள், ஊரை ஏமாற்றத்தான் சண்டை போட்ட மாதிரி நடிக்கிறார்கள் என்று பேச்சாகிவிட்டது.

அக்கா வீட்டுக்கு ஊரில் பெயரே விழுந்துவிட்டது — ‘குழு ஊடு.’ குழுப் பணத்தில் கட்டிய வீடாம்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக எத்தனை நோம்பிக்குப் போய் அந்த வீட்டில் தின்றுவிட்டுத் தூங்கியிருக்கிறேன், அக்கா ஒரு வார்த்தை சொன்னதில்லை. பழகிப்போச்சு என்று இருந்தாளாம். போன மாதம் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் புதுசு. வெளியூர்க்காரர், விவரம் தெரியாதவர். வண்டியை வாசலில் நிறுத்தி, “ஏனுங்க, குழு ஊடு இதுதானுங்களா?” என்று அக்காவிடமே கேட்டிருக்கிறார். யாரோ அவருக்கு அடையாளம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆமாஞ் சாமி என்று சொல்லி சிலிண்டரை இறக்கி வைக்கச் சொன்னவள், அவர் போன பிறகு சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

“எனக்குப் பணம் வேண்டாம் அம்மிணி. அங்க எத்தன கெடக்குதுன்னு ஊரு முன்னால ஒருக்காப் படிச்சுச் சொல்லச் சொல்லு. எனக்கு அது போதும்.”

அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

அன்றைக்கே பேங்க்குக்குப் போனோம். மேனேஜர் மதுரைப் பக்கத்துப் பிள்ளை, சின்ன வயசு, நல்ல மரியாதை. எழுந்து நின்று அக்காவை மேடம் என்றார். அக்காவுக்கு அந்த வார்த்தையிலேயே முகம் தெளிந்துவிட்டது. பணம் பத்திரமாக இருக்கிறது, வட்டியோடு வாங்கித் தருவது என் பொறுப்பு என்றார். ஊர் முன்னால் படிக்க முடியுமா என்று நான் கேட்டேன். அடுத்தவர் கணக்கை மைக்கில் படிக்கக் கூடாது, ஆனால் குழுவாகக் கூடித் தீர்மானம் போட்டு, கையெழுத்துக்காரர்கள் இரண்டு பேரும் சம்மதம் எழுதிக் கொடுத்தால் அந்தக் கூட்டத்திலேயே நான் வந்து படிக்கிறேன் என்றார்.

“ரெண்டு மேடமும் வந்திரணும்” என்றார் மறுபடியும்.

மேடம் என்ற வார்த்தையில் தெளிந்த முகம் ரெண்டு என்ற வார்த்தையில் சுருங்கிவிட்டது. பேங்க் படியிறங்கும்போதே சொல்லிவிட்டாள், நான் அவகிட்டப் பேச மாட்டேன், வேண்ணா நீ பேசு என்று.

ராஜாமணி இப்போது திருச்செங்கோட்டில் மகனோடு இருக்கிறார். நம்பரை மாமாதான் கொடுத்தார், அக்கா எருமையைக் கட்டப் போன நேரம் பார்த்து. நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

“வாரேனுங்க அம்மிணி. என்ற மகன் ரிக்குல சேந்தப்ப என்ன பேசுனாங்கன்னு எனக்குந் தெரியுமுங்க. எனக்கும் அந்தக் கணக்கப் படிச்சாகோணும்” என்றார். எனக்கு நிம்மதி. அதற்குள், “ஆனா ஒண்ணுங்க. உங்கக்கா பேர்ல ஃபைன் ஒரு ரூவா நிக்குது. அதக் கட்டாம நான் கணக்க முடிக்க மாட்டேனுங்க.”

நான் கட்டிவிடுகிறேனே என்றேன். நீங்க குழுவுல இல்லீங்களே என்றார். அதுவும் சரிதானே?

அக்காவிடம் வந்து சொன்னேன். கட்டவே மாட்டேன் என்றாள். அன்னைக்கு எருமை செத்திருந்தா அவ குடுத்திருப்பாளா என்று கேட்டாள். எருமை உயிரோடுதானே இருந்தது என்று நான் சொல்லப் போக, அக்கா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். ஊர் முன்னால் பெயரைத் துடைக்கிறதற்கு ஒரு ரூபாய்தான் குறுக்கே நிற்கிறது. அந்த ஒரு ரூபாயைக் கொடுத்தால் அன்றைக்கு நான் செய்தது தப்பு என்று ஆகிவிடும் என்கிறாள் இவள். வாங்காமல் விட்டால் அன்றைக்கு நான் எழுதியது தப்பு என்று ஆகிவிடும் என்கிறார் அவர். இரண்டு பேரும் கோடி ரூபாய் கொடுத்தாலும் மசியமாட்டார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஒரு ரூபாய் விஷயம் முடியாமலே, போன புதன்கிழமை கூட்டம். அதே அங்கன்வாடி வாசல்.

பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை. அவர்களுக்காக மகள்கள் வந்திருந்தார்கள். திருப்பூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்ட ஒருத்தர் லீவு போட்டு வந்திருந்தார். பெண்கள் ஒரு பக்கம் உட்கார, ஆண்கள் சும்மா அந்த வழியாக வந்த மாதிரி டூவீலரை நிறுத்திக்கொண்டு நின்றார்கள். சும்மா வந்தவர்கள் யாரும் கிளம்பவில்லை. மேனேஜர் பையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா துவைத்து மடித்த புடவையில், ரப்பர் ஸ்டாம்ப்பை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்தாள்.

ராஜாமணி பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லியான உருவம், கண்ணாடி. பாஸ்புக்கைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்தார். வாங்க என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா வேலியைப் பார்த்தாள்.

மேனேஜர் காகிதத்தை எடுத்து வைத்ததும் ராஜாமணி எழுந்து நின்றார். ஒரு ரூபாய் ஃபைன் பாக்கி இருக்கிறது, அது தீர்ந்தால்தான் கையெழுத்து என்றார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

“ஒரு ரூபாய்தானே மேடம்... விட்ருங்களேன்” என்றார் மேனேஜர்.

அக்காவும் ராஜாமணியும் ஒரே நேரத்தில் திரும்பி அவரை முறைத்தார்கள். இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். பாவம், அந்தப் பிள்ளை பேனாவை மூடி வைத்துவிட்டது.

அக்கா எழுந்தாள். போய்விடப் போகிறாள்... இன்றைக்கும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள் என்றால் அவ்வளவுதான், அவள் சாகிற வரைக்கும் அது குழு ஊடுதான். அக்கா, உட்காருக்கா என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள்.

அப்போதுதான் நாச்சம்மா பேசினார். முன்பு பேங்க்குக்குப் போய்விட்டு வந்து அர்த்தம் கேட்டாரே, அதே நாச்சம்மா.

“உக்காருங்க பூங்கொடிக்கா. இன்னைக்கு நானும் ஒண்ணு கேட்டர்றேன். ராஜாமணி எடுத்துட்டாளான்னு உங்ககிட்ட எத்தன தடவ வந்து கேட்டிருப்பேன்? அவ ஒத்தப் பைசா தொடமாட்டா, மொதல்ல வாயக் கழுவுன்னு சொல்லித் தொரத்துனீங்க. சரீன்னு போயி அவகிட்ட, பூங்கொடிக்கா எடுத்துட்டாங்களான்னு கேட்டா, அவங்க பட்டினி கெடந்தாலும் கெடப்பாங்க, குழுக் காசுல கை வெக்க மாட்டாங்கன்னு இவ சொல்றா. ஏனுங்க, சண்டக்காரிங்க யாராச்சும் ஒருத்திய ஒருத்தி இப்பிடி உட்டுக்குடுக்காமப் பேசுவாங்களா? அதனாலதானுங்க நாங்க நெனச்சோம், ரெண்டு பேரும் கூட்டுன்னு.”

எனக்குப் புரிவதற்கே கொஞ்ச நேரம் ஆனது. ஊர் வைத்திருந்த பெரிய சாட்சியமே அதுதான். இவள் அவளைத் திட்டியிருந்தால், ஒருத்தியாவது யோக்கியம் என்று ஊர் நம்பியிருக்கும். அவள் இவள் மேல் ஒரு வார்த்தை போட்டிருந்தால், அவள் பேராவது தப்பித்திருக்கும். இரண்டு பேரும் உள்ளதைச் சொன்னார்கள். அதனால் இரண்டு பேர் பேரும் கெட்டுப்போனது. இப்படி ஒரு அநியாயத்தை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. இப்படி ஒரு கௌரவத்தையும்தான்.

இரண்டு பேருக்கும் இது புதுச் செய்தி. தன்னைப் பற்றி மற்றவள் அப்படிச் சொன்னாள் என்று அக்காவுக்கும் தெரியாது, ராஜாமணிக்கும் தெரியாது. யார் போய்ச் சொல்வார்கள்? பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்குச் சேதி கொண்டுபோகிறவர்கள் வைததைத்தான் கொண்டுபோவார்கள், வாழ்த்தியதைக் கொண்டுபோவார்களா?

ராஜாமணி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். அப்புறம் மஞ்சள் பைக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு ரூபாய்க் காசை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ராஜாமணி அதை எடுத்துப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

“ரசீதுல தேதி இன்னைக்குப் போடட்டுங்களாக்கா, அன்னைக்குப் போடட்டுங்களா?”

“இன்னைக்கே போடு.”

அவ்வளவுதான் பேச்சு. கட்டிப் பிடித்துக்கொள்ளவில்லை, அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. அழுததெல்லாம் நான்தான். பக்கத்தில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் கர்ச்சீப்பை நீட்டினார். அவர் மூக்கும் சிவந்திருந்ததை நான் பார்த்தேன், எழுத வேண்டாம் என்றார், எழுதிவிட்டேன்.

இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா ஸ்டாம்ப்பை எடுத்து, மை காய்ந்திருந்ததால் வாயால் ஊதி ஊதி அழுத்தி வைத்தாள். மேனேஜர் எழுந்து நின்று படித்தார். எவ்வளவு என்று கேட்பீர்கள். அது குழுவின் விஷயம், நான் சொல்ல மாட்டேன். பங்கு பிரித்தால் ஆளுக்கு ஒரு நல்ல வெள்ளாடு வாங்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக நடந்த கூட்டத்துக்குப் பிறகு இந்தக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கப்படவில்லை என்று அவர் சத்தமாகச் சொன்னபோது, கிளம்பலாமா என்று வண்டியை ஸ்டார்ட் செய்திருந்த ஒருத்தர் இன்ஜினை அணைத்துவிட்டார்.

“சாமி, இன்னொருக்காப் படிங்க” என்றாள் அக்கா.

அவர் இன்னொரு தடவை படித்தார். முதல் தடவையைவிடச் சத்தமாகவே படித்தார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

நாச்சம்மா வந்து அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். தப்பாப் பேசிட்டோமுங்க என்றார். இனி எவனாச்சும் குழு ஊடுன்னு சொன்னா எங்கிட்டச் சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன் என்றார். மொதல்ல நீ சொல்லாம இரு என்றாள் அக்கா. பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ராஜாமணியும் சிரித்தார், கொஞ்சம் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு.

பணம் இன்னும் கைக்கு வரவில்லை. மேலே போய்விட்டு வர சில வாரம் ஆகுமாம். அன்றைக்கு யாரும் அவசரப்பட்ட மாதிரித் தெரியவில்லை. ஊரில் அக்காவை எதிரில் பார்த்தவர்கள் எல்லோரும் நின்று பேசினார்கள். வழக்கமாகத் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள்கூட நின்றார்கள். மாமா ஒரு தூக்குப் போசி நிறைய டீ வாங்கி வந்து, யார் எவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார்.

கிளம்பும்போது ராஜாமணியை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். பின் சீட்டில் அக்கா ஒரு ஜன்னல் பக்கம், அவர் ஒரு ஜன்னல் பக்கம், நான் நடுவில். அக்கா இந்தப் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்தாள். அவர் அந்தப் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்தார். நான் என் வீட்டுக்காரரின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு பேச்சு இல்லை. இறங்கியதும், வாரேனுங்கக்கா என்றார். ம் என்றாள் அக்கா. பஸ் நகர்கிற வரைக்கும் வண்டியை எடுக்க விடவில்லை.

எனக்கு அக்காவை நினைத்தால் எப்போதும் பிரியம் உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு. அன்றைக்கு முதல் தடவையாகப் பெருமையில் நெஞ்சு நிறைந்தது. எனக்கு நாலு பேர் கைதட்டினால்தான் ஒரு நல்ல வார்த்தையே எழுத வருகிறது. இவள் தன் பேரே கெடுகிறது என்று தெரிந்தும் ஒரு பொய்யைச் சொல்லவில்லை. அதுவும் யாருக்காக? எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஒருத்திக்காக. அந்த ஒருத்தியும் இவளுக்காக.

ஆனாலும் பத்திரிகைக்காரி புத்தி சும்மா இருக்குமா? அக்காவை அவள் வீட்டில் விடத் திரும்பும் வழியில் கேட்டுவிட்டேன். ஏங்க்கா, ஊர்ல கேட்டப்பவெல்லாம் எனக்குத் தெரியாது, அவளைக் கேளுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இத்தனை வருஷம் இந்தப் பேரைச் சுமந்திருக்க வேண்டியதில்லையே, ஏன் சொல்லலை என்று.

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தாள்.

“அவகூடப் பேசமாட்டேன்னுதான சொன்னேன்... அவ நல்லவ இல்லைன்னு எப்பச் சொன்னேன்?”